பெயின்ட்டில் விழும் மீன்கண்: அலைச்சறுக்குப் பலகையின் பூச்சு ஏன் விலகுகிறது?

வீட்டிலேயே செய்த அலைச்சறுக்குப் பலகைக்கு ஸ்ப்ரே கன்னால் பெயின்ட் அடித்த சில விநாடிகளில், சீராகப் படிந்திருந்த பூச்சு ஆங்காங்கே விலகி மிளகளவு வட்டங்களாகத் திறந்துகொள்வதுண்டு. வட்டத்தின் நடுவில் அடித்தளம் தெரியும். விளிம்பில் பெயின்ட் வரப்புக் கட்டியிருக்கும். இக்குறைக்கு மீன்கண் என்று பெயர். இன்னொரு கோட் அடித்து மூடிவிடலாம் என்று கை பரபரக்கும். ஆனால் பெரும்பாலும் அந்தக் கோட்டும் அதே இடத்தில் விலகும். கோளாறு பெயின்ட்டில் இல்லை, அதன் அடியில் இருக்கிறது.

திரவத்தின் பரப்பு இழுவிசை (அதன் மேற்பரப்பைச் சுருக்கி இழுக்கும் விசை) அடித்தளத்தின் பரப்பு ஆற்றலைவிட (திரவத்தைத் தன்மேல் படரவிடும் ஈர்ப்பு) குறைவாக இருந்தால் அது படரும். கூடுதலாக இருந்தால் ஒதுங்கிக் குவியும். 25 டிகிரி செல்சியஸில் தண்ணீரின் பரப்பு இழுவிசை மீட்டருக்கு 72 மில்லிநியூட்டன்; சிலிக்கோன் எண்ணெய்க்கோ ஏறத்தாழ 21 மட்டுமே. பெயின்ட்டுகள் பொதுவாக இவ்விரண்டுக்கும் இடைப்பட்டவை. ஆகவே கண்ணுக்குத் தெரியாத ஒரு துளி எண்ணெயோ மெழுகோ பலகையில் ஒட்டியிருந்தாலும் பெயின்ட் அதன்மேல் நிற்க மறுக்கும். மேலும், இழுவிசை குறைந்த இடத்திலிருந்து மிகுந்த இடத்தை நோக்கித் திரவம் ஓடும். மாரங்கோனி விளைவு எனப்படும் இந்த ஓட்டமே வட்டத்தை அகலப்படுத்தி, விளிம்பில் வரப்பை எழுப்புகிறது.

அந்த மெழுகு பலகைக்கு எங்கிருந்து வந்தது என்பதுதான் வேடிக்கை. 1950களின் இறுதியில் கலிஃபோர்னியாவில் பலகை தயாரிப்பாளர்களான ஹோபி ஆல்டரும் கோர்டன் கிளார்க்கும் பரவலாக்கிய முறையில், பாலியூரிதேன் நுரைக்கட்டையின் மேல் ஃபைபர்கிளாஸ் துணியைப் போர்த்தி, இறுகிக் கெட்டியாகும் பிசினான பாலியெஸ்டர் ரெசினை ஊற்றுவார்கள். காற்றிலுள்ள ஆக்சிஜன் இந்த ரெசினின் மேற்பரப்பை இறுக விடாமல் பிசுபிசுப்பாகவே வைத்திருக்கும் என்பதால், தேய்ப்பதற்கான கடைசிக் கோட்டில் பாரஃபின் மெழுகை வேண்டுமென்றே கலக்கிறார்கள். மெழுகு மேலே மிதந்து வந்து காற்றைத் தடுக்க, ரெசின் கெட்டியாகிறது. ரெசினைக் காத்த அதே மெழுகுதான் பின்னர் பெயின்ட்டுக்கு எதிரியாகிறது.

தெர்மாகோல் கட்டையில் செய்த பலகையின் கதை வேறு. பாலியெஸ்டர் ரெசினிலுள்ள ஸ்டைரீன் தெர்மாகோலைக் கரைத்துவிடும் என்பதால் அங்கே எப்பாக்ஸி என்ற வேறு வகை ரெசினே பயன்படுகிறது. ஈரப்பதம் மிகுந்த நாளில் எப்பாக்ஸியின் கடினமாக்கியிலுள்ள அமீன் என்ற வேதிப்பொருள், காற்றிலுள்ள கார்பன் டைஆக்சைடுடனும் நீராவியுடனும் வினைபுரிந்து மேலே வழுவழுப்பான படலத்தை உண்டாக்கக்கூடும். இது தண்ணீரில் கரையும்; தின்னரால் துடைத்தால் இடம் மாறி ஈஷிக்கொள்ளுமே தவிரப் போகாது.

சீர்செய்யும் வரிசை இதிலிருந்தே விளங்கும். பெயின்ட் முழுவதும் காய்ந்த பிறகு, தேய்ப்பதற்கு முன்னரே கழுவ வேண்டும். அழுக்கோடு தேய்த்தால் உப்புத்தாளின் கீறல்களுக்குள் மெழுகு அமுங்கிவிடும். எப்பாக்ஸி பலகையைத் தண்ணீரும் நாரும் கொண்டு கழுவலாம். மெழுகேறிய பாலியெஸ்டர் பலகையைக் கரைப்பான் நனைத்த துணியால் துடைத்து, கரைப்பான் உலர்வதற்குள் வேறொரு சுத்தமான துணியால் எடுத்துவிட வேண்டும். பிறகு 320 அல்லது 400 எண் வாட்டர் பேப்பரால், பள்ளத்தின் வரப்பு மட்டமாகும்வரை தேய்க்க வேண்டும். ஃபைபர்கிளாஸின் நெசவு தெரியத் தொடங்கினால் அங்கேயே நிறுத்திவிட வேண்டும்; இழை வெட்டுப்பட்டால் பலகை வலுவிழக்கும், கடல்நீரும் கசியும். அந்த இடத்தில் ரெசின் பூசி இறுகவிட்ட பிறகே மேற்கொண்டு வேலை.

சுத்தமாகிவிட்டதா என்று தெரிந்துகொள்ளச் சிறிது தண்ணீரைத் தெளித்துப் பார்த்தால் போதும். தண்ணீர் ஒரே ஏடாக விரிந்து நின்றால் பரப்பு தயார். முத்து முத்தாகத் திரண்டால் மறுபடியும் கழுவ வேண்டியதுதான். தண்ணீரின் இழுவிசை பெயின்ட்டினுடையதைவிட அதிகம் என்பதால், தண்ணீரே படரும் இடத்தில் பெயின்ட் படர்வதற்குத் தடையிராது. பலகை உலர்ந்ததும் முதல் கோட்டைப் பனிபோல மெல்லியதாகத் தூவி, அது சற்று இறுகிய பின் அடுத்ததை அடிப்பது நல்லது.

ஆரஞ்சுத் தோல்போன்ற புள்ளிப் பள்ளங்கள் இவ்வளவு தொல்லை தருவதில்லை. துளிகள் ஒன்றோடொன்று கலந்து மட்டமாவதற்குள் தின்னர் ஆவியாகிவிடுவதே அதற்கு முக்கியக் காரணம். பூச்சு போதிய தடிமனோடு இருந்தால், 1000 எண் வாட்டர் பேப்பரால் தண்ணீர் விட்டுத் தேய்த்து மெருகேற்றினாலே சரியாகிவிடும். அந்த மெருகுக் குழம்பு சிலிக்கோன் கலவாததாக இருக்க வேண்டும். கலந்திருந்தால், அதே கொட்டகையில் பெயின்ட்டுக்குக் காத்திருக்கும் அடுத்த பலகையிலும் மீன்கண் விழும்.