விரவலா, பரவலா?

"அண்ணே, பரவலைக் கட்டுப்படுத்திட்டாங்களாம்!" தெரிந்தவர் ஒருவர் சந்தோஷமாகப் போன் செய்தார். அவருடைய அக்காவுக்கு நுரையீரலில் கட்டி. டிஃப்யூஷன் எம்.ஆர்.ஐ. எடுத்திருந்தார்கள். கூடவே கொடுத்த தமிழ்க் குறிப்பில், 'கட்டியில் கட்டுப்படுத்தப்பட்ட பரவல் காணப்படுகிறது' என்று ஒரு வரி. அது நல்ல சேதி இல்லை என்று அவருக்குப் புரியவைக்க அரை மணி நேரம் ஆனது. டிஃப்யூஷன் என்ற சொல்லுக்குத் தமிழாக வைத்த இந்தப் 'பரவல்' இதற்கு முன்பும் பலமுறை கண்ணில் பட்டதுதான். இனியும் பேசாமல் இருக்க முடியவில்லை.

டிஃப்யூஷனுக்கு வேர் லத்தீன். சிதற ஊற்றுவது என்று பொருள். மூலக்கூறுகள் தாமாக அலைந்து கலப்பதை அறிவியல் அப்படிச் சொல்கிறது. 1855இல் ஜெர்மன் உடலியலாளர் அடால்ஃப் ஃபிக் அதற்கு விதி வகுத்தார். 1980களில் பிரெஞ்சு மருத்துவர் டெனி லு பிஹான் அதை எம்.ஆர்.ஐ.க்குள் கொண்டுவந்தார். வேர்க்கதை அவ்வளவு போதும்.

இந்தப் படம் காட்டுவது நோயின் நடமாட்டத்தை அல்ல, தண்ணீரின் நடமாட்டத்தை. புற்றுக்கட்டியில் செல்கள் நெருக்கியடித்துக் கிடக்கும். நடுவில் உள்ள நீர் நகர இடமில்லாமல் முட்டி முட்டி நிற்கும். அதனால் அந்த இடம் படத்தில் வெளுத்துத் தெரியும், நீர் எவ்வளவு தாராளமாக அலைகிறது என்று சொல்லும் எண்ணான விரவல் குணகம் குறையும். தீங்கற்ற கட்டிகளில் பெரும்பாலும் நீர் தாராளமாக அலையும், குணகம் கூடும். விதிவிலக்கும் உண்டு. சீழ்க்கட்டியும் காசநோய்க் கட்டியும் நீரை அடைத்துவைத்துப் புற்றுபோலத் தெரியலாம். சளித்தன்மையுள்ள சில புற்றுகளோ சாதுவாகத் தெரியும்.

இப்போது அந்த வரியைத் திரும்பப் படியுங்கள். புற்றுநோய் என்றதும் வீட்டில் எல்லாரும் கேட்கும் முதல் கேள்வி 'பரவிடுச்சா?' என்பதுதான். அந்தச் சொல்லையே எடுத்து நீரின் அசைவுக்கு வைத்தால், பரவல் அதிகம் என்ற நல்ல சேதி இடியாக இறங்கும். பரவல் கட்டுப்பட்டது என்ற கெட்ட சேதி இனிப்பாகக் கேட்கும். பொருள் அப்படியே தலைகீழ். 'கட்டுப்படுத்தப்பட்ட' என்பது இன்னும் மோசம், யாரோ மருந்து கொடுத்து அடக்கியது போல. நீர் அங்கே தடைப்பட்டுத்தானே நிற்கிறது? 'ஊடுருவல்' என்று எழுதுகிறவர்களும் உண்டு. புற்று பக்கத்துத் திசுவுக்குள் நுழைவதற்கு ஏற்கெனவே உள்ள சொல் அது!

டிஃப்யூஷனுக்கு நான் கேட்கும் 'விரவல்' பாடப்புத்தகத்தில் உள்ள சொல்தான். விரவுதல் என்றால் கலத்தல். உயர்திணைக்கும் அஃறிணைக்கும் பொதுவாக வரும் பெயரை விரவுப்பெயர் என்கிறது நம் இலக்கணம். ஒன்றுக்குள் ஒன்று கலக்கும் அந்தச் சாயல் இங்கே கச்சிதமாகப் பொருந்துகிறது. 'யாருக்குப் புரியும்?' என்கிறார்கள். புரியாத சொல்லைப் பார்த்தவர் டாக்டரிடம் கேட்பார். தப்பாகப் புரிந்துகொண்டவர் கேட்கவே மாட்டார். பள்ளியில் மை தண்ணீரில் கரைவதற்குப் பரவல் என்று எழுதினால் எனக்குச் சண்டையில்லை. புற்றுநோய் அறிக்கையில் அது கூடாது.

அகராதியில் முதலில் கிடைத்த சொல்லை ஒட்டிவிட்டுப் போகிற மொழிபெயர்ப்பு இப்போது பெருகிவிட்டது. தாளைக் கையில் வாங்கப்போகிறவர் யார், எந்தப் பயத்தோடு படிப்பார் என்று ஒரு நிமிடம் நினைத்தால் போதும், அந்த வரி இப்படி வந்திருக்கும்: 'கட்டிக்குள் நீரின் விரவல் தடைப்பட்டுள்ளது. புற்றாக இருக்க வாய்ப்புண்டு. திசுப் பரிசோதனை தேவை.'