பையைக் கட்டிப் போடாதீர்கள்: ஒரு கால்நடை மருத்துவரின் வேண்டுகோள்

குப்பையைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் தெருவில் வீசுகிறவர்களைத்தான் திட்டுவார்கள். நான் சொல்ல வந்தது வேறு ஆட்களைப் பற்றி. வீட்டைச் சுத்தமாக வைத்திருப்பவர்கள், மீந்த சோற்றையும் காய்கறித் தோலையும் ஒரு கேரி பேக்கில் போட்டு, நாற்றம் வராமல் இறுக்கி முடிச்சுப் போட்டு, பொறுப்பாகத் தொட்டிவரை கொண்டுபோய் வைக்கிறவர்கள். ஊர்மாடுகளுக்கு வைத்தியம் பார்க்கிற எங்களுக்கு அந்த முடிச்சுதான் பெரிய தலைவலி.

மாடு பிளாஸ்டிக்கை விரும்பித் தின்பதாகப் பலர் நினைக்கிறார்கள். அதற்கு வேண்டியது உள்ளே இருக்கும் சாம்பார் சாதம்தான். நாய் என்றால் பையைக் காலால் அழுத்திப் பல்லால் கிழித்து, வேண்டியதை மட்டும் எடுத்துக்கொள்ளும். மாட்டால் அது முடியாது. அதற்கு மேல்தாடையில் முன்பற்களே கிடையாது. நாக்கை நீட்டி, வளைத்து, கிடைத்ததை அப்படியே உள்ளே இழுக்கும். அந்த நாக்கில் சொரசொரவென்று இருக்கும் முட்கள் எல்லாம் தொண்டைப் பக்கமாகச் சாய்ந்தவை. வாய்க்குள் போனதைத் துப்புவது அதற்குச் சுலபமில்லை. அப்புறம், மாடு முதலில் மென்று தின்பதும் இல்லை. அவசரமாக விழுங்கிவிட்டு, நிழலில் போய்ப் படுத்துக்கொண்டு அசைபோடும்போதுதான் அரைக்கும். ஆக, சோறு போகிற வழியில் பையும் போய்விடுகிறது.

போன பை எங்கே தங்குகிறது? மாட்டின் வயிற்றில் நான்கு அறைகள். முதல் அறையான ரூமன், வளர்ந்த மாட்டில் நூறு லிட்டருக்கு மேல் கொள்ளும். வைக்கோலும் புல்லும் அங்கே ஊறி, நொதித்து, திரும்ப வாய்க்கு வந்து அரைபட்டு, பொடிப்பொடியான பிறகுதான் அடுத்த அறைக்கு நகரும். பிளாஸ்டிக் ஊறாது, நொதிக்காது, அரைபடவும் படாது. அதனால் கீழேயும் இறங்காது. கன்றுக்குட்டியாக இருந்தபோது விழுங்கியது, நாலு ஈற்றுக்குப் பிறகும் அங்கேயே கிடக்கும். அதைக் கரைக்கிற மருந்து எதுவும் எங்களிடம் இல்லை. எக்ஸ்ரேயிலும் ஒழுங்காகத் தெரியாது.

இதில் கொடுமை என்னவென்றால், நோய் சொல்லிக்கொண்டு வராது. “சார், தீனி எடுக்குது, ஆனா பாதியில நிறுத்திடுது. பாலும் குறைஞ்சுபோச்சு” என்று மாடு வளர்க்கும் அக்கா ஒருவர் வருவார். “எத்தனை நாளா இப்படி இருக்கு?” என்று கேட்டால், “நாளா? மாசக்கணக்கா இருக்கு சார். நாட்டு மருந்து குடுத்தா ரெண்டு நாள் சரியாகும், மறுபடி உப்பிக்கும்” என்பார். இடது பக்கம் விலாவுக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவே உள்ள பசிக்குழியில் கையை வைத்து அழுத்திப் பார்த்தால், பிசைந்த மாவு மாதிரி அமுங்க வேண்டிய இடம் ஏதோ மூட்டையை வைத்து அடைத்ததுபோல இருக்கும். உடம்பெல்லாம் எலும்பு தெரியும், வயிறு மட்டும் பெரிதாக இருக்கும். வயிறு நிறைந்திருக்க, மாடு பட்டினி கிடக்கிறது.

கடைசி வழி அறுவை சிகிச்சைதான். மாட்டை நிற்கவைத்தே செய்வோம். பசிக்குழியில் மயிரை மழித்து, மரத்துப்போக ஊசி போட்டு, தோலையும் தசையையும் திறந்து, ரூமன் சுவரை வெளியே இழுத்துத் தோலோடு சேர்த்துத் தைத்துக்கொள்வோம். உள்ளே இருப்பது வயிற்றுக்குழிக்குள் சிந்திவிடக் கூடாது என்பதற்காக. பிறகு தோள்வரைக்கும் கையுறை மாட்டிக்கொண்டு கையை உள்ளே விட வேண்டும். மாடு விழித்தபடிதான் நிற்கும். சில மாடுகள் அந்த நேரத்திலும் முன்னால் கிடக்கும் வைக்கோலை ஒரு வாய் கடிக்கும்.

கையில் முதலில் தட்டுப்படுவது பை இல்லை, கயிறு. சாக்கு நூல், நைலான் கயிறு, பூமாலை கட்டிய பிளாஸ்டிக் நார் எல்லாம் பைகளைச் சுற்றி முறுக்கிக்கொண்டு வடம்போல் வரும். இழுத்தால் ஒரேயடியாக வராது. உள்ளேயே கத்தரித்து, துண்டு துண்டாகத்தான் எடுக்க வேண்டும். பால் பாக்கெட், பிரெட் உறை, துணிக்கடைப் பை, ஊக்கு, நாணயம், தேங்காய் நார், ஒற்றைச் செருப்பின் வார். ஒரு முறை எடுத்த கட்டிக்குள் ஒரு கேரி பேக் முழுசாகவே இருந்தது. இரண்டு காதையும் சேர்த்துப் போட்ட முடிச்சு அவிழவே இல்லை. கத்தரித்துப் பார்த்தால் உள்ளே கறுத்த கூழ், நாலைந்து எலுமிச்சை விதை. எந்தச் சாப்பாட்டுக்காக அந்த மாடு பையை விழுங்கியதோ, அந்தச் சாப்பாடு கடைசிவரை அதற்குக் கிடைக்கவில்லை.

எவ்வளவு சேரும் என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்கு. 2019 அக்டோபரில் சென்னை வேப்பேரியில் உள்ள கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் ஒரு பசுவின் வயிற்றிலிருந்து 52 கிலோ பிளாஸ்டிக்கை எடுத்தார்கள். சிகிச்சை ஐந்து மணி நேரத்துக்கும் மேல் நடந்தது. செய்தித்தாள்களில் பெரிதாக வந்ததால் அது ஏதோ அதிசயம் என்று நினைத்துவிட வேண்டாம். கால்நடை மருத்துவர் யாரைக் கேட்டாலும் பத்து இருபது கிலோக் கதை ஒன்று கைவசம் வைத்திருப்பார்.

பிளாஸ்டிக்காவது மெதுவாகக் கொல்லும். கம்பி அப்படியில்லை. மாடு விழுங்கும் ஆணி, கம்பித்துண்டு போன்ற கனமான பொருள்கள் ரெட்டிகுலம் என்கிற இரண்டாவது அறைக்குள் போய் விழும். அதற்கு நேர் முன்னால், வயிற்றையும் மார்பையும் பிரிக்கும் உதரவிதானத்துக்கு அந்தப் பக்கம், சில விரற்கடை தூரத்தில் இதயம். வயிறு ஒவ்வொரு முறை சுருங்கும்போதும் கம்பி கொஞ்சம் கொஞ்சமாக முன்னால் நகரும். சினை முற்றி வயிற்றில் அழுத்தம் கூடும்போதும், ஈனுவதற்கு முக்கும்போதும் இதயத்தைச் சுற்றியுள்ள உறையில் குத்தி நின்றுவிடும். சீழ் பிடிக்கும். கழுத்துக்கடியில் தொங்கும் அலைதாடியில் நீர் கோத்து வீங்கும். மாடு முழங்கையை விரித்துக்கொண்டு நிற்கும், இறக்கத்தில் இறங்க யோசிக்கும், படுக்கும்போது முனகும். அந்தக் கட்டத்துக்கு வந்த மாட்டைக் காப்பாற்றுவது அரிது. பாத்திரம் தேய்க்கும் கம்பி நார், கட்டட வேலையில் மிஞ்சிய கட்டுக்கம்பி, போகியன்று தெருவில் எரித்த டயரிலிருந்து மிஞ்சும் கம்பிச் சுருள் என்று இதற்கு மூலம் பல. டயர் புகையைப் பற்றி எல்லோரும் பேசுகிறோம். மறுநாள் சாம்பலோடு கூட்டித் தள்ளப்படும் கம்பியைப் பற்றி யாரும் பேசிக் கேட்டதில்லை.

கல்யாண மண்டபங்களுக்குப் பின்பக்கம் கொட்டுகிற சோறு தனிக் கதை. மீந்ததை மாடு தின்னட்டுமே, புண்ணியம்தானே என்று கொட்டுகிறார்கள். வைக்கோலுக்குப் பழகிய வயிற்றில் திடீரென்று இரண்டு வாளி வெந்த சோறு விழுந்தால், அங்குள்ள கிருமிகள் தாறுமாறாகப் பெருகி அமிலத்தைச் சுரக்கும். ரூமன் அசைவை நிறுத்திவிடும், உடம்பிலிருக்கும் நீரெல்லாம் வயிற்றுக்குள் இறங்கும், ஒரே நாளில் மாடு எழுந்திருக்க முடியாமல் விழுந்துவிடும். மாட்டுப் பொங்கலுக்கு அடுத்த நாள் எங்கள் தொலைபேசி ஓயாமல் அடிப்பதும் இதனால்தான். பாசத்தில் ஊட்டுகிற பொங்கல் ஒரு கைப்பிடி என்றால் ஒன்றும் ஆகாது. தெருவில் உள்ள எல்லா வீட்டிலும் ஊட்டினால்தான் வம்பு.

“மாட்டை அவிழ்த்துவிடுகிறவனை விட்டுவிட்டு எங்களைச் சொல்கிறீர்களே?” என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். காலையில் பால் கறந்துவிட்டுத் தெருவில் விடுவது தவறு, அபராதமும் உண்டு. ஆனால் ஊருக்குள் மேய்ச்சல் நிலம் என்று ஒன்றை நாம் விட்டுவைக்கவில்லை என்பதும் உண்மை. தவிடு, புண்ணாக்கு விலைக்கு இரண்டு மாடு வைத்திருப்பவருக்குக் கட்டுப்படியாவதும் கஷ்டம். தவிர, குப்பையைத் தின்பது ஊர்மாடு மட்டுமில்லை. 2025 மே மாதம் கோவை மருதமலை அடிவாரத்தில் இறந்த பெண் யானையின் உடற்கூறாய்வில் வயிற்றுக்குள் பிளாஸ்டிக் குப்பை இருந்தது, கருவில் குட்டியும் இருந்தது. யானையை யாரும் அவிழ்த்துவிடவில்லை.

சரி, என்ன செய்யலாம்? ஒன்றே ஒன்றைச் செய்யச் சொன்னால் இதைத்தான் சொல்வேன்: ஈரக் குப்பையை எந்தப் பையிலும் கட்டாதீர்கள். மூடி உள்ள ஒரு சின்ன வாளி போதும். அடியில் பழைய செய்தித்தாளை விரித்து, தண்ணீரை வடித்துவிட்டுத் தோலையும் சோற்றையும் போடுங்கள். பேட்டரி வண்டி வரும்போது அப்படியே கவிழ்த்துவிட்டு வாளியைக் கழுவிவையுங்கள். வண்டி வராத நாளில் மேலே ஒரு பிடி காய்ந்த இலையோ தேங்காய் நார்க்கழிவோ தூவினால் நாற்றம் அவ்வளவாக வராது. தூய்மைப் பணியாளரின் வேலையும் இதில் பாதியாகும். உரம் தயாரிக்கும் இடத்தில் ஒவ்வொரு பையாகக் கிழித்துக் கொட்டுவது அவர்கள்தான். கட்டிய பைக்குள் பிளேடு இருக்கிறதா, இன்சுலின் ஊசி இருக்கிறதா என்று அவர்கள் கைக்குத் தெரியாது. ஊசியையும் பிளேடையும் ஒரு கெட்டியான டப்பாவில் சேர்த்து, மூடி, சொல்லிக் கொடுங்கள். கண்ணாடித் துண்டைக் கனமான அட்டையில் சுற்றுங்கள். நாப்கின், டயப்பரைத் தாளில் பொதிந்து தனியாகக் கொடுங்கள்.

முன்பு எங்கள் பக்கத்தில் வீட்டுக்கு வீடு கழுநீர்ப் பானை இருக்கும். அரிசி களைந்த தண்ணீர், வாழைப்பழத் தோல், கீரைத் தண்டு எல்லாம் அதில் விழும், சாயந்திரம் பால்காரம்மா வந்து எடுத்துக்கொண்டு போவார். தெருவில் மாடு வளர்ப்பவர் இருந்தால் இன்றும் அதைச் செய்யலாம். காய்கறித் தோல் மட்டும் கொடுங்கள். மீந்த சோறு, பூசணம் பிடித்தது, கறி எலும்பு வேண்டாம்.

பால் பாக்கெட்டின் மூலையை வெட்டும்போது முழுக்கத் துண்டாக்காமல் ஒட்டியபடி விடுங்கள். அந்தச் சின்ன முக்கோணத்தை யாரும் பொறுக்குவதில்லை. பாக்கெட்டைக் கழுவிக் காயவைத்தால் பழைய பேப்பர் கடையில் காசு தருவார்கள். தமிழ்நாட்டில் கேரி பேக்குக்கு 2019 ஜனவரி 1 முதலே தடை. எவ்வளவு தடிமன் என்றாலும் தடைதான். 2021 டிசம்பரில் துணிப்பைக்குத் திரும்பச் சொல்லும் ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கமும் வந்தது. இருந்தும் பூக்கடையிலும் மீன் கடையிலும் கேட்காமலே பை கொடுக்கிறார்கள். கேட்காமலே வாங்கியும் கொள்கிறோம். மீனுக்கு ஒரு தூக்குவாளி கொண்டுபோவது அவ்வளவு பெரிய காரியமா என்று எனக்குப் புரிந்ததில்லை.

எங்கள் தெருமுனையில் ஒரு காலி மனை குப்பைமேடாக இருந்தது. சுத்தம் செய்து கோலம் போட்டார்கள், அறிவிப்புப் பலகை வைத்தார்கள். கோலத்தின் மேலேயே பை விழுந்தது. பலனளித்தது வேறொன்று: காலையில் எட்டு மணி என்றால் எட்டு மணிக்கு வண்டி வர ஆரம்பித்தது. வேலைக்குப் போகிறவர்கள் கிளம்பும் முன்பே கொடுத்துவிட முடிந்ததால், இரவில் ஒளித்துக் கொண்டுவந்து போடும் வேலை தானாகவே குறைந்தது. உங்கள் தெருவில் வண்டி வரும் நேரம் ஒத்துவரவில்லை என்றால் வார்டு உறுப்பினரிடம் அதைத்தான் முதலில் கேளுங்கள். பலகையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

மாடு வளர்ப்பவர்கள் படித்தால், அவர்களுக்கும் ஒரு வார்த்தை. வயிறு அடிக்கடி உப்பி உப்பித் தானாக வடிந்தாலோ, அசைபோடுவது குறைந்தாலோ, சாணி கொஞ்சமாகவும் கெட்டியாகவும் போட்டாலோ காத்திருக்க வேண்டாம். 1962 என்ற எண்ணுக்கு அழைத்தால் நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்தி வரும். எத்தனை நாளாகத் தீனி எடுக்கவில்லை, எத்தனை மாதச் சினை, கடைசியாக எப்போது ஈன்றது என்பதை அழைக்கும்போதே சொல்லிவிடுங்கள். நாங்கள் வருவதற்குள் தலையைத் தூக்கிப் பிடித்து மூங்கில் குழாயில் எண்ணெய் ஊற்ற வேண்டாம். அது மூச்சுக்குழாய் வழியாக நுரையீரலுக்குள் இறங்கிவிட்டால், வயிற்றை விட்டுவிட்டு அதற்கு வைத்தியம் பார்க்க வேண்டியிருக்கும்.