மாண்டேஜ்: காட்சித்தொகை

'மாண்டேஜ்' பிரெஞ்சுச் சொல். வேர் 'மோந்தே' என்ற வினை. ஏறுதல், ஏற்றுதல், பொருத்துதல் மூன்றும் அதன் பொருள்கள். பட்டறையில் இயந்திரத்தின் பாகங்களைப் பூட்டி நிறுத்துவதும், படச்சுருளை வெட்டி ஒட்டி வரிசையாக்குவதும் அந்த மொழியில் ஒரே சொல். பிரெஞ்சுப் படத்தின் பெயர்ப்பட்டியலில் 'மாண்டேஜ்' என்று வந்தால் அது எடிட்டிங் மட்டுமே. அங்கே 'படத்தொகுப்பு' என்று எழுதினால் போதும்.

ரஷ்ய மொழி இதைக் கடன் வாங்கியபோது தொழிற்சாலை வாசனையும் கூடவே வந்தது. கட்டடப் பொறியியல் படித்தவரான சோவியத் இயக்குநர் செர்கெய் ஐசன்ஸ்டைன் 1923-இல் நாடகத்தைப் பற்றி எழுதிய கட்டுரைக்கு 'ஈர்ப்புகளின் மாண்டேஜ்' என்று தலைப்பிட்டார். பின்னர் சினிமாவில் அந்தச் சொல்லுக்கு அவர் கொடுத்த பொருள் இது: இரண்டு ஷாட்களை (ஷாட் என்பது வெட்டில்லாமல் ஓடும் ஒரு படத்துண்டு) அடுத்தடுத்து வைக்கும்போது இரண்டிலும் இல்லாத மூன்றாவது ஒன்று பார்ப்பவர் மனதில் பிறக்கிறது. கண்ணும் நீரும் சேர்ந்தால் அழுகை, கத்தியும் இதயமும் சேர்ந்தால் துயரம் என்று சீன, ஜப்பானிய மொழிகளின் சித்திர எழுத்துகளை 1929-இல் அவர் உதாரணம் காட்டினார். அவருடைய சமகால இயக்குநரான புதோவ்கின் இதை ஏற்கவில்லை. ஷாட்கள் செங்கல்போல ஒன்றன்மேல் ஒன்றாகக் கோக்கப்படுவதே மாண்டேஜ் என்பது அவர் கட்சி. ஐசன்ஸ்டைனுக்கு அது மோதல், புதோவ்கினுக்குக் கோத்தல்.

1930களின் ஹாலிவுட்டில் பொருள் குறுகியது. நாட்காட்டித் தாள் பறப்பது, ரயில் சக்கரம் சுழல்வது, செய்தித்தாள் தலைப்புகள் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிவது என்று காலத்தைச் சுருக்கிக் காட்டும் பகுதிக்கு மட்டும் மாண்டேஜ் என்று பெயர். ஸ்லாவ்கோ வோர்காபிச் இதில் பேர்பெற்றவர். கோடம்பாக்கத்தின் 'மாண்டேஜ் சாங்' இந்தக் கிளையில் வந்தது: நடிகர் உதடசைக்காமல், பின்னணியில் பாட்டு ஓட, துண்டுக் காட்சிகளால் கதை நகரும் பாட்டு.

எல்லா இடத்திலும் 'படத்தொகுப்பு' என்று போடுவதுதான் நம் கட்டுரைகளில் அடிக்கடி நேரும் பிழை. படத்தொகுப்பு ஒவ்வொரு காட்சியிலும் உண்டு. இருவர் பேசும் சாதாரணக் காட்சியிலும் உண்டு. மாண்டேஜ் அதற்குள் நிகழும் ஒரு தனிச் செயல். அதற்குக் 'காட்சித்தொகை' என்பதே பொருந்தும். காரணம் நம் இலக்கணத்திலேயே இருக்கிறது. 'தொகு' என்றால் சேர்ப்பது மட்டுமல்ல, மறைப்பதும்தான். 'சிறிய இலை' என்பது 'சிறியிலை' ஆவதைத் தொகுத்தல் விகாரம் என்கிறோம். தொகைநிலைத் தொடரில் உருபு தொக்கு நிற்கிறது. படிப்பவரே அதை விரித்துக்கொள்கிறார். ஷாட்டுக்கும் ஷாட்டுக்கும் இடையில் இயக்குநர் சொல்லாமல் விடுவதும் இப்படித் தொக்கு நிற்பதுதான். தொகைகளின் வகைகளே காட்சியை அலசும் கருவியாகிவிடுகின்றன.

'இரவு பகல்' என்பதில் 'உம்' மறைந்திருப்பதுபோல, காலச்சுருக்க மாண்டேஜில் 'அதன் பிறகும், அதன் பிறகும்' மறைந்திருக்கிறது. 1941-இல் வந்த 'சிட்டிசன் கேன்' படத்தின் காலையுணவு மேசைக் காட்சியைப் பாருங்கள். ஒரு திருமணம் தேய்ந்துபோவது சில நிமிடத்தில் முடிகிறது. துண்டுகளை இணைப்பது சட்டென்று பக்கவாட்டில் சுழலும் கேமரா. ஒவ்வொரு துண்டிலும் உடை மாறுகிறது, பேச்சு குறைகிறது, கொஞ்சல் சிடுசிடுப்பாகிறது. கடைசியில் நீள மேசையின் இரு முனைகளில் இருவர். மனைவி கையில் கணவருக்குப் போட்டியான பத்திரிகை. பிரிவு என்ற சொல் வாயில் வரவே இல்லை.

உவமைத்தொகையில் 'போல' மறைகிறது. ஐசன்ஸ்டைனின் 'வேலைநிறுத்தம்' (1925) படத்தின் இறுதியில் தொழிலாளர்கள் சுடப்படும் ஷாட்களுக்கு நடுவே மாடு அறுக்கப்படும் ஷாட்கள் வருகின்றன. அதிர்ச்சி உண்டு. ஆனால் அந்த மாடு கதை நடக்கும் இடத்தைச் சேர்ந்ததல்ல, வெளியிலிருந்து கொண்டுவந்து ஒட்டியது. அதனால் இயக்குநரின் கை தெரிகிறது. சங்க அகப்பாட்டின் உள்ளுறையில், அதாவது மறைந்து நிற்கும் உவமையில், வரும் விலங்கு அந்தத் திணையிலேயே வாழும். உவமை மாண்டேஜை எடைபோட இதைவிட நல்ல அளவுகோல் இல்லை.

'பொற்றொடி வந்தாள்' என்பது அன்மொழித்தொகை. பொற்றொடி என்றால் பொன்வளை; அணிந்தவள் என்ற சொல் தொடரில் இல்லை, ஆனாலும் வருபவள் அவள்தான். 'போர்க்கப்பல் பொட்டெம்கின்' (1925) படத்தில் மூன்று கற்சிங்கங்கள்: ஒன்று உறங்குகிறது, ஒன்று தலை தூக்குகிறது, ஒன்று எழுந்து நிற்கிறது. கிரிமியாவில் அலூப்கா அரண்மனையில் உள்ள தனித்தனிச் சிலைகள் அவை. கப்பல் குண்டு வீசியதும் இவை அடுத்தடுத்து வர, ஒரே சிங்கம் துள்ளி எழுவதாகத் தெரிகிறது. கல்லும் பொறுக்காமல் எழுந்தது என்ற பொருள் எந்த ஷாட்டிலும் இல்லை. சோவியத் இயக்குநர் குலெஷோவின் சோதனையும் இந்த வகைதான். புதோவ்கின் எழுதியபடி, நடிகரின் சலனமற்ற ஒரே முகத்தை ஒரு கிண்ணம் சூப், சவப்பெட்டியில் ஒரு பெண், விளையாடும் சிறுமி ஆகியவற்றோடு மாறிமாறி ஒட்டிக் காட்டினார்கள். பார்த்தவர்கள் நடிப்பைப் புகழ்ந்தார்கள்.

ஒரு காட்சியை இப்படி அலச முதலில் ஒலியை நிறுத்திவிட்டுப் பாருங்கள். இசை நம் காதைப் பிடித்து இழுத்துப் பொருளைச் சொல்லிவிடும். ஷாட்களுக்கு எண் போட்டு, ஒவ்வொன்றும் எத்தனை வினாடி, அடுத்ததற்குச் சட்டென்று மாறும் வெட்டா, மெல்ல மங்கி மாறும் கரைவா என்று குறியுங்கள். பிறகு அடுத்தடுத்த இரண்டு ஷாட்களுக்கு நடுவே ஒரு சொல்லை வைத்துப் பாருங்கள்: 'பிறகு', 'போல', 'ஆனால்', 'ஆகவே'. எது பொருந்துகிறதோ அதுதான் தொக்கு நிற்பது. கடைசியாக, வரிசையை மனதுக்குள் மாற்றிப் பாருங்கள். சிங்கங்களை மாற்றினால் எழுச்சி படுத்துவிடும்; அது தொகை. மாற்றியும் பொருள் குலையவில்லை என்றால் அது வெறும் அடுக்கு, வேகமாக வெட்டியிருந்தாலும் சரி.

மாண்டேஜ் சாங் பெரும்பாலும் சறுக்குவது இங்கேதான். நிமிடத்துக்கு 120 தட்டு ஓடும் மெட்டில் ஒரு தட்டுக்கு அரை வினாடி, அதாவது வினாடிக்கு 24 ஃபிரேம் என்ற கணக்கில் 12 ஃபிரேம். நான்கு தட்டு சேர்ந்த ஒரு சுற்றுக்கு 48. ஒவ்வொரு 48-ஆம் ஃபிரேமிலும் தவறாமல் வெட்டினால் மூன்றாவது முறையே கண் அடுத்த வெட்டை எதிர்பார்க்கத் தொடங்கிவிடும், முகம் மனதில் நிற்காது. நீளத்தை மட்டும் கணக்கிட்டு வெட்டுவதற்கு ஐசன்ஸ்டைன் வைத்த பெயர் 'அளவை மாண்டேஜ்'. அவருடைய ஐந்து வகைகளில் அடிப்படையானது அது. உணர்ச்சியுள்ள ஷாட்டை இரண்டு சுற்றுக்கு ஓடவிட்டு, தகவல் ஷாட்டை ஒரு தட்டிலேயே முடித்தால் பாட்டு மூச்சு விடும். உடை, தாடி, வெளிச்சம் எதுவும் மாறாமல் பத்து இடத்தில் நடக்கவிட்டால் காலம் நகராது. ஊர் சுற்றிய ஒரே நாளாகவே அது தெரியும்.