சுரங்க ரயில் தூசி: யார் கவனமாக இருக்க வேண்டும்?

இரும்புச் சக்கரம் இரும்புத் தண்டவாளத்தில் உரசுகிறது. பிரேக் கட்டை தேய்கிறது, ரயிலுக்கு மின்சாரம் எடுக்கும் பாகமும் தேய்கிறது. சுரங்க ரயில் தூசி பெரும்பாலும் இவற்றிலிருந்து வருவதுதான். சாலைப் புகையில் கரி அதிகம் என்றால் இதில் இரும்பு ஆக்சைடு அதிகம். சுரங்கத்தை விட்டு அது எளிதில் வெளியேறாது. கீழே படிந்ததும் அடுத்த ரயில் வரும்போது மறுபடி கிளம்பும்.

2003இல் வெளியான ஆய்வு ஒன்றில், ஸ்வீடனின் ஸ்டாக்ஹோம் நகரச் சுரங்க நிலையத்தின் பிஎம் 2.5 அளவு (நுரையீரலின் ஆழம்வரை போகக்கூடிய மிக நுண்ணிய தூசியின் அளவு) அந்நகரின் மிக நெரிசலான சாலை ஒன்றில் இருந்ததைவிடச் சுமார் 10 மடங்கு. இப்படிப்பட்ட செய்திகள் வாட்ஸ்அப்பில் சுற்றியதும், இங்கே சிங்கப்பூரில் ஆஸ்துமா உள்ளவர்கள் என்னிடம் கேட்பார்கள்: "டாக்டர், எம்ஆர்டியை விட்டுட்டு பஸ்ல போகவா?" எம்ஆர்டி என்பது இங்குள்ள நகர ரயில்; அதன் வடகிழக்குப் பாதை முழுக்கத் தரைக்கடியில் ஓடுவது. லிட்டில் இந்தியா, ஃபேரர் பார்க்கில் தினமும் ஏறி இறங்குகிறவர்களுக்குக் கவலை வருவது நியாயம்தான்.

வேண்டாம், ரயிலிலேயே போங்கள் என்றுதான் சொல்வேன். சிங்கப்பூரின் சுரங்க நிலையங்களில் 1987 முதலே மேடைக்கும் தண்டவாளத்துக்கும் நடுவே கூரைவரை கதவு உண்டு. குளிர்ந்த காற்று வீணாகாமல் இருக்கவும் பாதுகாப்புக்காகவும் வைத்தது. சுரங்கக் காற்று மேடைக்கு வருவதையும் அது வெகுவாகத் தடுக்கிறது. பழைய ஐரோப்பிய நிலையங்கள் பலவற்றில் இந்தக் கதவு இல்லை. அதனால் ஸ்டாக்ஹோமின் அந்த எண்ணை அப்படியே இங்கே பொருத்துவது சரியல்ல. சாலையோரம் பஸ்ஸுக்குக் காத்திருந்தால் வண்டிப் புகையைச் சுவாசிக்க வேண்டியிருக்கும்.

அப்படியானால் ரயிலில் போகும்போது வரும் இருமல் எதனால்? விசாரித்தால், பலர் தினமும் எடுக்க வேண்டிய தடுப்பு இன்ஹேலரை நிறுத்திவிட்டு, மூச்சுத் திணறும்போது மட்டும் நிவாரண இன்ஹேலரை அடித்துக்கொண்டிருப்பார்கள். வெளியே புழுக்கம், உள்ளே வறண்ட ஏசி குளிர். வீங்கிய மூச்சுக்குழாய்க்கு அந்த மாற்றமே போதும், இருமல் கிளம்பிவிடும். முதலில் தடுப்பு மருந்தை ஒழுங்காக எடுங்கள். புகைமூட்ட நாள்களில் தேசியச் சுற்றுப்புற வாரியம் மணிக்கொருமுறை வெளியிடும் பிஎம் 2.5 அளவைப் பாருங்கள். 55ஐத் தாண்டினால் வெளிவேலையைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு உண்மையில் கவலை தருபவர்கள் வேறு. கடைசி ரயில் போன பிறகு சுரங்கத்துக்குள் இறங்கி, தண்டவாளத்தைச் சாணை பிடிப்பவர்கள், கான்கிரீட்டைத் துளையிடுபவர்கள். புதிய பாதைகளுக்காகத் தோண்டுபவர்களும் அப்படித்தான். தமிழ்நாட்டிலிருந்து வந்த தம்பிகள் இவர்களில் உண்டு. இவர்களுக்கும் தூசிக்கும் நடுவே எந்தக் கதவும் இல்லை. கான்கிரீட்டை வெட்டும்போது பறப்பது இரும்புத்தூள் மட்டுமல்ல, மணலிலும் கல்லிலும் உள்ள சிலிக்காவின் நுண்தூளும்தான். அது நுரையீரலில் தழும்பை உண்டாக்கும். சிலிகோசிஸ் என்ற இந்த நோய் வந்துவிட்டால் குணப்படுத்த மருந்தில்லை. சிங்கப்பூரில் அதைத் தொழில்நோயாக அதிகாரிகளிடம் கட்டாயம் தெரிவிக்க வேண்டும்.

துணி மாஸ்க்கும் சர்ஜிக்கல் மாஸ்க்கும் இந்தத் தூசியை நிறுத்தாது. நுண்தூசியை வடிகட்டும் என்95 வகை மாஸ்க் வேண்டும், அதுவும் முகத்தில் இடைவெளியின்றிப் பொருந்த வேண்டும். தாடி இருந்தால் ஓரத்தில் கசியும். தண்ணீர் விட்டு வெட்டினால் தூசி பாதிக்கும் மேல் அடங்கும். இரண்டையும் சூப்பர்வைசரிடம் கேட்டு வாங்குவது உங்கள் உரிமை, தம்பி.

அப்புறம், இருமலோடு டாக்டரைப் பார்க்கும்போது "கட்டட வேலை" என்று மட்டும் சொல்லி நிறுத்தாதீர்கள். என்ன வெட்டினீர்கள், எத்தனை வருடமாக, தண்ணீர் விட்டா விடாமலா என்று சொல்லுங்கள். நெஞ்சு எக்ஸ்ரேயில் எதைத் தேடுவது என்பது அப்போதுதான் எங்களுக்குத் தெரியும்.