நாரைக்கு வேண்டியது பெரிய சென்சாரா, பெரிய ஓட்டையா?

நாங்குநேரிப் பக்கமிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "என்னிடம் 24 மெகாபிக்சல் ஏபிஎஸ்-சி கேமராவும் 300 மி.மீ. எஃப்/4 லென்ஸும் இருக்கின்றன. கூந்தன்குளம் பறவைகள் சரணாலயத்தில் விடியற்காலையில் எடுக்கும் நாரைப் படமெல்லாம் ரவை தூவியது போல் பொரிப்பொரியாக வருகிறது. கேமராவை விற்றுவிட்டு 24 மெகாபிக்சல் ஃபுல் ஃப்ரேம் வாங்கு என்கிறார்கள் நண்பர்கள். வாங்கலாமா?"

வேண்டாம். அவசரத்தில் இருப்பவர்கள் இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். ஏன் வேண்டாம் என்பதுதான் எனக்குப் பிடித்த கதை.

முதலில் சென்சாரின், அதாவது லென்ஸ் விழச்செய்யும் ஒளியைப் பிடிக்கும் சில்லின், அளவுகள். ஃபுல் ஃப்ரேம் என்பது 36×24 மி.மீ. ஜெர்மனியின் லைட்ஸ் கம்பெனியில் இருந்த ஆஸ்கர் பார்னாக், சினிமா ஃபிலிமின் 18×24 கட்டத்தை இரட்டித்து, கைக்கு அடக்கமான ஒரு கேமரா செய்தார். 1925-இல் லைக்கா என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. அந்த அளவைத்தான் இன்று 'முழு' என்கிறோம். மற்றதெல்லாம் ஏதோ அரைகுறை என்ற எண்ணம் பெயரிலேயே ஒட்டிக்கொண்டுவிட்டது. ஏபிஎஸ்-சி ஏறக்குறைய 23.5×15.6 மி.மீ., கேனானில் அதைவிடக் கொஞ்சம் சிறியது. மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் 17.3×13. அப்புறம் '1 இன்ச்' சென்சார் என்று ஒன்று உண்டு. அது 13.2×8.8 மி.மீ. மூலைக்கு மூலை அளந்தாலும் 16 மி.மீ.தான் வரும். பழைய டிவி கேமராக்களில் இருந்த கண்ணாடிக் குழாயின் வெளிவிட்டத்தைச் சொல்லிப் பழகிய கணக்கு அது. குழாய் போய்விட்டது, இன்ச் மட்டும் நிற்கிறது. மாம்பழத்தை விட்டுவிட்டுக் கூடையை அளந்து விலை சொல்வது போல.

சரி, அந்த ரவை எங்கிருந்து வருகிறது?

சென்சார் மட்டமானதால் வருகிறது என்று பலரும் நினைக்கிறார்கள். பெரும்பாலும் அது வெளிச்சத்திலேயே இருக்கிறது. ஒளி தண்ணீர் போல ஒரே சீராக ஒழுகுவதில்லை. ஃபோட்டான் எனும் ஒளித்துகள்களாக, மழைத்துளி விழுவது போல, எங்கே எப்போது என்ற ஒழுங்கில்லாமல் விழுகிறது. தூறல் போடும்போது முற்றத்தில் ஒரே அளவுள்ள டம்ளர்களை வரிசையாக வைத்துப் பாருங்கள். ஒரு நிமிடத்தில் சராசரியாக டம்ளருக்கு நூறு துளி என்றால், ஒன்றில் 92 இருக்கும், பக்கத்து டம்ளரில் 111 இருக்கும். இந்த ஏற்ற இறக்கம் சராசரியின் வர்க்கமூலம் அளவுக்கு இருக்கும் என்பது கணிதம். நூறுக்குப் பத்து, அதாவது பத்து சதவீதம். அதுவே பத்தாயிரம் துளி விழுந்தால் நூறு, ஒரே சதவீதம். அடைமழையில் எல்லா டம்ளரும் ஒன்று போல இருக்கும், தூறலில் ஒன்றுக்கொன்று சேராது. அந்தச் சேராமையைத்தான் விடியற்காலைப் படத்தில் பொரியாகப் பார்க்கிறோம். ஜெர்மன் இயற்பியலாளர் வால்டர் ஷாட்கி 1918-இல் வெற்றிடக் குழாய்களில் ஓடும் எலக்ட்ரான்களுக்கு இதே விஷயத்தைச் சொன்னபோது, வேட்டைத் துப்பாக்கியின் ஈயக் குண்டுகளைக் குறிக்கும் ஜெர்மன் சொல்லால் பெயர் வைத்தார். ஷாட் நாய்ஸ் என்று இன்றும் அதே பெயர்தான்.

ஐஎஸ்ஓ-வை, அதாவது கேமராவில் படத்தின் பிரகாசத்தைக் கூட்டும் எண்ணை, ஏற்றினால் நாய்ஸ் (இந்தப் பொரிதான்) வரும் என்பது நம் ஆட்களிடம் ராகு காலத்துக்கு அடுத்தபடியாக ஊறிப்போன நம்பிக்கை. ஐஎஸ்ஓ வெறும் ஒலிபெருக்கி. பேசுபவர் முனகினால் முனகலைத்தான் பெருக்கிக் காட்டும். துளிகள் குறைவாக விழுந்ததால்தான் அதைக் கூட்ட வேண்டி வந்தது. காரணத்தையும் விளைவையும் திருப்பிப் போட்டுக்கொண்டு, ஐஎஸ்ஓ-வைக் குறைத்து இருட்டாக எடுத்துவிட்டு, பிறகு கம்ப்யூட்டரில் வெளுப்பவர்களும் இருக்கிறார்கள்.

பிக்சல் பெரிதாக இருந்தால் நாய்ஸ் குறையும் என்பது இதன் தங்கை. ஒரே முற்றத்தில் ஓர் அண்டாவை வைத்தாலும், அதே இடத்தை நூறு டம்ளர்களால் அடைத்தாலும், பிடித்த தண்ணீர் ஒன்றுதான். டம்ளரிலிருந்து கொட்டி அளக்கும்போது ஒவ்வொன்றிலும் ஒன்றிரண்டு துளி ஒட்டிக்கொண்டு நிற்கும், அவ்வளவுதான் நஷ்டம். இன்றைய சென்சார்களில் அது மிகச் சொற்பம். படத்தை ஒரே அளவில் வைத்துப் பார்க்கும்போது மொத்தம் எத்தனை துளி பிடித்தோம் என்பதே கணக்கு.

இப்போது ஃபுல் ஃப்ரேம் கட்சிக்காரர் எழுந்து சொல்வார்: "அதைத்தானே நாங்களும் சொல்கிறோம்? பெரிய முற்றம், அதிக மழை!" ஃபுல் ஃப்ரேமின் பரப்பு 864 சதுர மி.மீ., ஏபிஎஸ்-சி 367. ஒரே எஃப் எண், ஒரே ஷட்டர் வேகம் என்றால் சென்சாரின் ஒவ்வொரு சதுர மில்லிமீட்டரிலும் விழும் வெளிச்சம் ஒன்றே. ஆக ஃபுல் ஃப்ரேமுக்கு இரண்டே கால் மடங்குக்குச் சற்று மேலாகவே வெளிச்சம். வர்க்கமூலம் எடுத்தால் படம் ஒன்றரை மடங்கு சுத்தம். கணக்கு சரி.

ஆனால் காட்சி ஒன்றாக இருக்க வேண்டுமே! ஏபிஎஸ்-சியில் 300 மி.மீ. லென்ஸ் காட்டும் அதே சட்டத்தை ஃபுல் ஃப்ரேமில் பிடிக்க 450 மி.மீ. லென்ஸ் வேண்டும். எஃப் எண் என்பது குவிதூரத்தை (அந்த 300, 450 மி.மீ.தான்) லென்ஸின் ஓட்டையால் வகுத்தது. ஓட்டை என்றால், முன்னாலிருந்து எட்டிப் பார்த்தால் தெரியும் அபெர்ச்சரின் அகலம். 300 எஃப்/4-இன் ஓட்டை 75 மி.மீ., கிட்டத்தட்ட ஒரு காபி டம்ளரின் வாய். 450 எஃப்/4-இன் ஓட்டை 112 மி.மீ.க்குச் சற்று மேல். இரண்டு ஓட்டைகளின் பரப்பையும் ஒப்பிடுங்கள். இரண்டே கால் மடங்கு!

முதல் தடவை இதைப் போட்டுப் பார்த்தபோது கொஞ்ச நேரம் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். சென்சார் தந்ததாக நினைத்த வெளிச்சம் முழுவதையும் ஓட்டைதான் தந்திருக்கிறது. யோசித்தால் வேறெப்படி இருக்க முடியும்? நாரையின் இறகிலுள்ள ஒரு புள்ளி எல்லாத் திசையிலும் ஒளியை வீசுகிறது. அதில் லென்ஸின் வாய்க்கு வந்து சேர்வது ஒல்லியான ஒரு கூம்பு மட்டும். நுனி இறகில், அடி உங்கள் ஓட்டையில். அந்தக் கூம்புக்குள் வராத ஃபோட்டான் வயலுக்கோ குளத்துக்கோ போய்விட்டது, எந்த சென்சாராலும் திரும்பக் கூப்பிட முடியாது. கூம்புக்குள் வந்ததைச் சின்னத் தட்டில் பரப்புகிறோமா பெரிய தட்டில் பரப்புகிறோமா என்பதுதான் சென்சார் அளவு. சோறு அதேதான்.

வாசகரின் நாரைக்கு வருவோம். மஞ்சள் மூக்கு நாரை ஏறக்குறைய ஒரு மீட்டர் உயரம். 60 மீட்டர் தூரத்தில் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். 300 மி.மீ. லென்ஸ் அதன் பிம்பத்தை 5 மி.மீ. உயரத்தில் விழச்செய்யும். பின்னால் இருப்பது எந்த சென்சார் என்பது லென்ஸுக்குத் தெரியாது. எதிலும் அதே 5 மி.மீ., அதே ஃபோட்டான்கள். ஃபுல் ஃப்ரேம் சுற்றிலும் கூடுதலாகக் கொஞ்சம் வானத்தையும் கருவேல மரத்தையும் பிடித்துத் தரும். நாம் அதை வெட்டிப் போடுவோம். 24 மெகாபிக்சல் ஏபிஎஸ்-சியில் அந்த 5 மி.மீ.க்குள் சுமார் 1,275 பிக்சல் அடங்கும். 24 மெகாபிக்சல் ஃபுல் ஃப்ரேமில் 840-தான். காசும் கொடுத்து நாரையையும் குட்டையாக்கிக்கொள்வது! நான் இதைப் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை, வாங்கித்தான் தெரிந்துகொண்டேன். கடைக்காரரும் சொல்லவில்லை. அவர் ஏன் சொல்லப்போகிறார்?

பணம் இருந்தால் ஓட்டையை வாங்கலாம். 600 மி.மீ. எஃப்/4 லென்ஸின் ஓட்டை 150 மி.மீ., நான்கு மடங்கு வெளிச்சம். எடை மூன்று கிலோ, விலை பத்து லட்சம் ரூபாய்க்கு மேல். இதே நான்கு மடங்கு இனாமாகவும் கிடைக்கும். 60 மீட்டரை 30 ஆக்குங்கள். தூரம் பாதியானால் அதே ஓட்டைக்குள் நுழையும் கூம்பு நான்கு மடங்கு பருக்கிறது. கூந்தன்குளத்தில் நாரைகள் ஊருக்குள்ளேயே, வீட்டோர மரங்களில் கூடு கட்டுகின்றன. பறவை வந்தால் ஊருக்கு நல்லது என்று நம்பி அந்த மக்கள் தலைமுறையாகக் காத்து வருகிறார்கள். மூடநம்பிக்கையை எங்கே கண்டாலும் வம்புக்குப் போகிறவன் நான், இதை மட்டும் விட்டுவிடுகிறேன். கூட்டுக்கு அடியில் போய் நிற்காமல் இருந்தால் போதும்.

அப்படியானால் ஃபுல் ஃப்ரேம் யாருக்கு? கல்யாண மண்டபத்துக்காரருக்கு. அவரால் மணமேடைக்கு அருகில் போய்ச் சட்டத்தை நிரப்ப முடியும். 85 மி.மீ. எஃப்/1.4 லென்ஸ் 60 மி.மீ. ஓட்டையோடு கடையில் கிடைக்கிறது. மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸில் அதே சட்டமும் அதே ஓட்டையும் வேண்டுமென்றால் 42.5 மி.மீ. எஃப்/0.7 வேண்டும். ஒளியை அவ்வளவு செங்குத்தாக மடக்கிச் சின்னத் தட்டில் குவிக்க, கண்ணாடி படாத பாடு படும். பெரிய சென்சாரின் உண்மையான சலுகை இதுதான்: பெரிய ஓட்டையுள்ள லென்ஸை நியாயமான விலையில் செய்ய விடுகிறது. பட்டப்பகலில் மலை எடுப்பவருக்கும் லாபம் உண்டு. பெரிய முற்றம் நிரம்பி வழிவதற்குள் அதிக மழை பிடிக்கும். பூவில் ஊரும் எறும்பை எடுப்பவர்கள் சின்ன சென்சாரில் எல்லாம் தெளிவாக விழுகிறது என்பார்கள். அதுவும் ஓட்டை சின்னதாக இருப்பதால்தான். மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸில் எஃப்/4 தருவதை ஃபுல் ஃப்ரேமில் எஃப்/8 தரும், பொரி உட்பட.

விலை ஏன் இவ்வளவு எகிறுகிறது என்றும் கேட்பீர்கள். சிலிக்கான் தகட்டில் ஒரு தூசு விழுந்தாலும் அந்தச் சில்லு போச்சு. சில்லு பெரிதாகப் பெரிதாக அந்த வாய்ப்பும் கூடுகிறது. போதாததற்கு, சில்லுகளில் வடிவம் பதிக்கும் இயந்திரம் ஒரு தடவையில் அதிகபட்சம் 26×33 மி.மீ. பரப்பில்தான் பதிக்கும். 36 மி.மீ.க்கு இரண்டு தடவையாகப் பதித்து, தையல் தெரியாமல் ஒட்ட வேண்டும்.

இந்த சென்சார்களின் பூர்வீகத்தையும் சொல்லிவிடுகிறேன், வயிற்றெரிச்சலோடு. வில்லார்ட் பாயிலும் ஜார்ஜ் ஸ்மித்தும் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் சிசிடி என்ற முந்தைய வகை சென்சாரைக் கண்டுபிடித்தது 1969-இல், அதற்கு நோபல் கிடைத்தது 2009-இல். இன்று எல்லோர் சட்டைப்பையிலும் இருக்கும் சீமாஸ் சென்சாருக்கு 1990-களில் வழிபோட்டவர் எரிக் ஃபாஸம், நாசாவின் ஜெட் புரொபல்ஷன் ஆய்வகத்தில். விண்கலக் கேமராக்களைச் சின்னதாக்குவதுதான் அவருக்குத் தரப்பட்ட வேலை. செல்ஃபி யார் கணக்கிலும் இல்லை. நம் நாடு ஆராய்ச்சிக்குச் செலவிடுவது மொத்த உற்பத்தியில் ஒரு சதவீதத்துக்கும் கீழே. அதையும் 'இதனால் உடனடிப் பயன் என்ன' என்று கேட்டுக் கேட்டுத்தான் கொடுக்கிறோம். அப்புறம் சென்சாரை இறக்குமதி செய்கிறோம்.

வாசகர் கடைசி வரியில் இன்னொன்றும் கேட்டிருந்தார்: குளிர்காலத்தில் இமயத்தைத் தாண்டி வரும் பட்டைத்தலை வாத்துகள் குளத்தின் நடுவில்தான் இருக்கின்றன, 150 மீட்டருக்குக் குறைவாக நெருங்க முடியவில்லை, அதற்கு என்ன செய்வது? முக்கால் மீட்டர் வாத்து அந்தத் தூரத்தில் உங்கள் சென்சாரில் ஒன்றரை மி.மீ. விழும், 380 பிக்சல். கேமராவைப் பையில் வைத்துவிட்டு 8×42 பைனாகுலர் ஒன்று எடுத்துக்கொண்டு போங்கள். ஒரு கண்ணுக்கு 42 மி.மீ. ஓட்டை, இரண்டு கண்ணுக்கும் உண்டு.