திரையில் பறக்கும் பலூனை எந்தக் காற்று இழுக்கிறது?

மெய்நிகர் பலூன் பந்தயத்தில் போட்டியாளர் செய்யக்கூடியது மிகக் குறைவு. உலக வரைபடத்தில் ஓர் இடத்தைத் தொடுகிறார், பறக்கும் உயரத்தைக் குறிக்கிறார், பலூனை விடுகிறார். பிறகு அது எங்கே போகும் என்பதை அன்றைய உண்மையான காற்று தீர்மானிக்கும் என்கிறார்கள். இந்த ‘உண்மையான’ என்ற இடத்தில்தான் கொஞ்சம் நிற்க வேண்டும். பசிபிக் பெருங்கடலின் நடுவே, ஒன்பது கிலோமீட்டர் உயரத்தில், உங்கள் பலூன் இப்போது இருக்கும் புள்ளியில் யாரும் காற்றை அளக்கவில்லை. ஆனாலும் பலூன் நகர்கிறது, அதுவும் பெரும்பாலும் சரியான திசையில்!

நிஜ பலூன்களையே பறக்கவிட்டால் என்ன என்று கேட்கலாம். 1986 செப்டம்பர் 27 அன்று அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில் ஏறத்தாழ 15 லட்சம் ஹீலியம் பலூன்களை ஒரே நேரத்தில் விட்டார்கள். மழையோடு வந்த குளிர்காற்று அவற்றைக் கீழே தள்ளியது. ஈரி ஏரி முழுக்க ரப்பர் மிதந்தது, பக்கத்து விமான நிலையத்தின் ஓடுபாதையைச் சிறிது நேரம் மூட வேண்டியிருந்தது. கணினிக்குள் நடக்கும் பந்தயத்தில் இந்தக் குப்பை இல்லை.

இனி காற்றின் கதை. உலகெங்கும் உள்ள நூற்றுக்கணக்கான நிலையங்களிலிருந்து, வழக்கமாகப் பன்னிரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை, ரேடியோசாண்ட் எனும் கருவியைக் கட்டிய பலூன்களை வானிலையாளர்கள் அனுப்புகிறார்கள். அவை சுமார் 30 கிலோமீட்டர் வரை ஏறி வெடிக்கும். போகிற வழியில் வெப்பம், ஈரப்பதம், காற்றின் வேகம், திசை எல்லாம் தரைக்கு வந்துவிடும். பயணிகள் விமானங்களும் தங்கள் அளவீடுகளை அனுப்புகின்றன. செயற்கைக்கோள் படங்களில் மேகங்கள் நகரும் விதத்தை வைத்தும் காற்றைக் கணிக்கிறார்கள். எல்லாம் சேர்ந்தும் வளிமண்டலம் முழுவதையும் மூடாது. கடல்களுக்கு மேல் பெரும் ஓட்டைகள் இருக்கும்.

அந்த ஓட்டைகளை நிரப்புவது கணிப்பு மாதிரி, அதாவது வளிமண்டலத்தைக் கணக்கிட்டுப் பார்க்கும் கணினி நிரல். அந்த நிரலின் முந்தைய ஓட்டம் ‘இந்த நேரத்தில் காற்று இப்படி இருக்கும்’ என்று சொன்னதை எடுத்துக்கொண்டு, புதிதாக வந்த அளவீடுகளோடு ஒப்பிட்டு, இரண்டில் எதை எவ்வளவு நம்பலாம் என்று எடைபோட்டு, திருத்திய ஒரு வளிமண்டலத்தை அது உருவாக்குகிறது. அமெரிக்க அரசின் கடல், வளிமண்டல ஆய்வு அமைப்பான நோவா நடத்தும் ஜிஎஃப்எஸ் மாதிரி இதை நாளுக்கு நான்கு முறை செய்து, முடிவுகளை யாரும் இலவசமாக எடுத்துக்கொள்ளும்படி வெளியிடுகிறது. பந்தயம் நடத்துபவர்களுக்கு இது வரப்பிரசாதம். ஆக, பலூனை இழுப்பது அளந்த காற்று அல்ல. அளவீடுகளால் அவ்வப்போது கடிவாளம் போடப்படும் கணக்கிட்ட காற்று.

ஜிஎஃப்எஸ் தரவு கால் பாகைக் கட்டங்களாகக் கிடைக்கிறது. பூமியைச் சுற்றி 1440 புள்ளிகள், துருவத்திலிருந்து துருவத்துக்கு 721 புள்ளிகள், மொத்தம் பத்து லட்சத்துக்கும் மேல். இப்படி ஒவ்வோர் அழுத்த அடுக்குக்கும் தனித்தனி வலை. மேலே போகப் போகக் காற்றழுத்தம் குறையும் என்பதால் உயரத்தை அழுத்தத்தால், ஹெக்டோபாஸ்கல் என்ற அலகில், குறிக்கிறார்கள். 850 ஹெக்டோபாஸ்கல் என்றால் தோராயமாக ஒன்றரை கிலோமீட்டர் உயரம். 500 என்றால் ஐந்தரை, 250 என்றால் பத்துக்குச் சற்று மேல். ஒவ்வொரு புள்ளியிலும் காற்று இரண்டு எண்களாக இருக்கும்: கிழக்கு நோக்கிய வேகம் ஒன்று, வடக்கு நோக்கிய வேகம் இன்னொன்று. வேகமும் திசைக்கோணமும் என்று வைத்துக்கொள்ளாததற்குக் காரணம் இருக்கிறது. பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகளில் திசை 350 பாகை, 10 பாகை என்று இருந்தால் இரண்டுமே ஏறக்குறைய வடக்குதான். கோணங்களை அப்படியே சராசரி எடுத்தால் 180 வரும், அதாவது நேர் தெற்கு. பலூன் திடீரென்று திரும்பி ஓடும். வேகக் கூறுகளைச் சராசரி எடுத்தால் இந்தக் கூத்து நடக்காது.

சராசரி எதற்கு? பலூன் ஒருபோதும் வலையின் புள்ளியில் சரியாக உட்காராது. நான்கு மூலைகளுக்கு நடுவே, இரண்டு அடுக்குகளுக்கு நடுவே, இரண்டு நேரங்களுக்கு நடுவே எங்கோ இருக்கும். நான்கு, இரண்டு, இரண்டு ஆகியவற்றைப் பெருக்கினால் பதினாறு. இந்தப் பதினாறு மதிப்புகளில் அருகிலிருப்பதற்கு அதிக எடையும் தள்ளியிருப்பதற்குக் குறைந்த எடையும் கொடுத்து, அந்த இடத்தின் காற்றை ஊகிக்கிறது நிரல்.

பிறகு நகர்த்த வேண்டும். கிழக்கே நொடிக்கு 20 மீட்டர், தெற்கே 5 மீட்டர் என்று காற்று இருந்தால், பத்து நிமிடத்தில் பலூன் 12 கிலோமீட்டர் கிழக்கேயும் 3 கிலோமீட்டர் தெற்கேயும் போகும். இதைப் பாகைக்கு மாற்றும்போது கவனம் வேண்டும். அட்சரேகையில் ஒரு பாகை எங்கும் சுமார் 111 கிலோமீட்டர். தீர்க்கரேகையில் ஒரு பாகை நிலநடுக்கோட்டில் மட்டுமே அவ்வளவு, 60 பாகை வடக்கில் அதில் பாதிதான். அதே 12 கிலோமீட்டர் அங்கே இரு மடங்கு பாகைகளைக் கடக்கும்.

இதில் ஒரு நுட்பமான பொறி உண்டு. இருக்கும் இடத்தின் காற்றை மட்டும் பார்த்து நேர்க்கோட்டில் ஓர் அடி வைத்தால், சுழலும் காற்றில் ஒவ்வோர் அடியும் வட்டத்தின் தொடுகோடாக அமைந்து பலூன் சற்றே வெளியே தள்ளப்படும். வட்டமடிக்க வேண்டிய பலூன் சுருள் சுருளாக விலகிப் போய்விடும். நார்வேயைச் சேர்ந்த வானிலையாளர் ஸ்வெர்ரே பெட்டர்சன் பெயரால் வழங்கும் தீர்வு எளிமையானது. முதலில் ஓர் உத்தேச அடி வைத்து, சேர்ந்த இடத்தின் காற்றைப் பார். தொடங்கிய இடத்தின் காற்றையும் அதையும் சராசரி எடு. பழைய இடத்துக்கே திரும்பி, அந்தச் சராசரியோடு மறுபடி அடி வை. காற்றில் கலந்த மாசு எங்கே போகும் என்று பார்க்க நோவா பயன்படுத்தும் ஹைஸ்பிளிட் நிரலும் இந்த வழியில்தான் கணக்கிடுகிறது.

கணக்கு இவ்வளவுதான். வெல்வது எப்படி என்பது முழுக்க உயரத்தைப் பொறுத்தது. பலூனுக்குச் சுக்கான் கிடையாது, ஆனால் காற்று ஒவ்வோர் அடுக்கிலும் வேறு திசையில், வேறு வேகத்தில் வீசுகிறது. ஏறி இறங்கத் தெரிந்தவருக்கு அதுவே சுக்கான். 1999 மார்ச் 1 அன்று பெர்ட்ரான் பிக்கார், பிரையன் ஜோன்ஸ் இருவரும் சுவிட்சர்லாந்தின் ஷாட்டோ-டேயிலிருந்து பிரைட்லிங் ஆர்பிட்டர் 3 பலூனில் கிளம்பினார்கள். கிழக்குப் பக்கமாக உலகைச் சுற்ற வேண்டிய பயணம். ஆனால் பலூன் முதலில் போனது தென்மேற்கே, மொரிட்டானியாவை நோக்கி. தரையிலிருந்த வானிலையாளர்கள் லுக் ட்ருல்லெமன்ஸ், பியர் எக்கெர்ட் இருவரும் அங்கே துணைவெப்பமண்டல ஜெட் காற்றோட்டத்தைப் பிடிக்கலாம் என்று கணித்திருந்தார்கள். பிடித்தார்கள். மார்ச் 21இல் எகிப்தில் இறங்கியபோது, எங்கும் நிற்காமல் பலூனில் உலகைச் சுற்றிய முதல் மனிதர்கள் அவர்கள்.

திரையில் விளையாடுபவர்களும் இந்த ஜெட்டைத்தான் தேடுகிறார்கள். சுமார் 9 முதல் 12 கிலோமீட்டர் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கே ஓடும் இந்தக் குறுகிய காற்றாறு குளிர்காலத்தில் வலுக்கும், மணிக்கு 200 கிலோமீட்டரைச் சாதாரணமாகத் தாண்டும். ஜப்பானியரான வாசாபுரோ ஓய்ஷி 1920களிலேயே இதை அளந்துவிட்டார். உலகம் படிக்கட்டும் என்று, எல்லா நாட்டினருக்கும் பொதுவாக உருவாக்கப்பட்ட எஸ்பராண்டோ மொழியில் வெளியிட்டார், உலகம் படிக்கவில்லை.

மாதிரி தவறவிடுவதும் உண்டு. கால் பாகை என்பது நிலநடுக்கோட்டருகே 28 கிலோமீட்டர். அதைவிடச் சிறிய எதுவும் வலையில் சிக்காமல் நழுவும். அமெரிக்காவின் ஆல்புகெர்க்கியில் அக்டோபர் பலூன் விழாவின்போது, கீழே பள்ளத்தாக்குக் காற்று தெற்கே தள்ள, மேலே எதிர்த்திசைக் காற்று வடக்கே திருப்பிக் கொண்டுவரும் நாட்கள் உண்டு. கிளம்பிய திடலுக்கே பலூனோட்டிகள் திரும்பி இறங்குவார்கள். மலையும் பள்ளத்தாக்கும் சேர்ந்து உண்டாக்கும் இந்தப் பெட்டிச் சுற்றை இவ்வளவு பெரிய கட்டத்தில் எதிர்பார்க்க முடியாது. இடிமேகத்துக்குள் காற்று செங்குத்தாக மேலே பாய்வதும் அப்படித்தான். மெய்நிகர் பலூன் இடிமேகத்தின் நடுவே எந்தக் குலுக்கலும் இல்லாமல் போய்வரும்.

நியாயம் சார்ந்த சிக்கலும் இருக்கிறது. ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை புதிய கணிப்பு வரும்போது பழைய கணிப்பில் பறந்த பலூனை என்ன செய்வது? கடந்த பாதையை அப்படியே உறையவைத்து, இனிமேல் போகும் பகுதிக்கு மட்டும் புதிய காற்றைத் தருவதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது. முழுப் பாதையையும் திருத்தினால் நேற்று கரையைத் தொட்ட பலூன் இன்று கடலுக்கு நடுவே நிற்கும். நோவாவே தொடக்க நிலையைச் சற்றுச் சற்று மாற்றி 31 ஓட்டங்கள் கொண்ட கூட்டுக் கணிப்பையும் வெளியிடுகிறது. ஒரே பலூனை 31 காற்றுகளிலும் விட்டுப் பார்த்தால் முதல் நாள் பாதைகள் ஒட்டியே போகும். இரண்டு உயரழுத்தங்களும் இரண்டு தாழ்வழுத்தங்களும் மூலைவிட்டமாக எதிர்நிற்கும் இடத்தை அடையும்போது சில வடக்கே, சில தெற்கே பிரிந்துவிடும். அங்கே சில கிலோமீட்டர் வித்தியாசம் கண்டத்தையே மாற்றும்.

கலந்துகொள்ளும் முன் விதிகளில் மதிப்பெண் பகுதியை மட்டும் நன்றாகப் படிப்பது உத்தமம். பறந்த பாதையின் நீளத்தை எண்ணினால், ஒரு தாழ்வழுத்தத்தில் மாட்டிக்கொண்டு நாள்கணக்கில் சுற்றும் பலூனும் பட்டியலில் மேலே வரும். தொடங்கிய இடத்திலிருந்து நேர்த்தூரத்தை எண்ணினால், பூமியின் நேர் எதிர்ப்புள்ளியான சுமார் 20,000 கிலோமீட்டர்தான் உச்சம். அதைத் தாண்டிப் பறக்கும் ஒவ்வொரு கிலோமீட்டரும் எண்ணிக்கையைக் குறைக்கும். அந்த விதிப்படி, உலகை முழுதாகச் சுற்றி வந்த பலூனுக்குப் பூஜ்யம்.