முதலில் ஸ்கோப்பைக் கழற்றுங்கள்

போன மாதம் கீழக்கரையிலிருந்து ஒரு பாய் தன் மகனைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். பையன் ஒன்பதாம் வகுப்பு. தோளில் நீளமான ரெக்சின் பை. பிரித்தால் உள்ளே ஏர் ரைபிள், அதன் மேல் குறியைப் பெரிதாக்கிக் காட்டும் ஸ்கோப் ஒன்று முழங்கை நீளத்துக்கு, கீழே மடக்குக் கால், பக்கவாட்டில் லேசர் விளக்கு. "14,500 ரூபா மாஸ்டர். செகண்ட் ஹேண்ட்தான், ஆனா எல்லாம் சேர்த்தே கொடுத்துட்டாரு" என்றார்.

நான் ஒன்றும் பேசாமல் ஸ்கோப், கால், லேசர் மூன்றையும் கழற்றி மேசையில் ஒரு பக்கம் வைத்தேன். மறுபக்கம் வெறும் துப்பாக்கி. "இப்ப சொல்லுங்க பாய், இந்தப் பக்கத்துக்கு எவ்வளவு கொடுக்கலாம்?"

ஸ்கோப் உட்கார்ந்திருந்த பள்ளத்தில் காவி நிறத்தில் துரு பூத்திருந்தது. பாய் அதைப் பார்த்தார், பையன் தரையைப் பார்த்தான்.

ராணுவத்தில் ஆயுதங்களைப் பழுதுபார்க்கும் வேலையில் இருந்துவிட்டு ஊர் திரும்பியவன் நான். இப்போது ராமநாதபுரத்தில் பிள்ளைகளுக்கு 10 மீட்டர் ஏர் ரைபிள் சொல்லித் தருகிறேன். 2008-ல் பெய்ஜிங்கில் அபினவ் பிந்த்ரா தங்கம் வாங்கியதும், கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் 2019-ல் ரியோ உலகக் கோப்பையில் தங்கம் வாங்கியதும் இதே பிரிவில்தான். அதைப் பார்த்துவிட்டு வருகிறவர்களில் பாதிப் பேர் என்னைக் கேட்காமலே துப்பாக்கியை வாங்கிக்கொண்டுதான் வருகிறார்கள். இன்னொரு வேடிக்கை: அந்தப் போட்டியில் ஸ்கோப்புக்கு அனுமதியே கிடையாது. சின்னத் துளை வழியாகப் பார்க்கும் பீப் சைட் மட்டும்தான்.

சட்டத்தை ஒரு வரியில் சொல்லிவிடுகிறேன். 2016 ஆயுத விதிகளின்படி துளை 4.5 மில்லிமீட்டருக்கும், ஆற்றல் 20 ஜூலுக்கும் மேல் போகாத ஏர் ரைபிளுக்கு லைசென்ஸ் வேண்டாம். அடையாளச் சான்றைக் கொடுத்து, பில் வாங்கிக்கொள்ளுங்கள். "5.5 துளைதான் பவர் அதிகம், விலையும் கம்மி" என்று யாராவது ஆசை காட்டினால் திரும்பி வந்துவிடுங்கள், அதற்கு லைசென்ஸ் வேண்டும்.

இனி பேரல், அதாவது குண்டு ஓடும் குழல். மடக்கி லோடு செய்கிற சாதாரண ஸ்பிரிங் ரைபிளில் நீங்கள் கொடுக்கும் பணத்தில் பாதி பேரலுக்குத்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஸ்பிரிங் போனால் மாற்றலாம், வாஷர் போனால் மாற்றலாம். பேரல் போனால் அது கம்பி. உள்ளே பெல்லட் (சின்ன ஈயக் குண்டு) இல்லை என்று உறுதி செய்துகொண்டு, பேரலைப் பாதி மடக்கி, பிடித்த கையை எடுக்காமல் பின்வாய் வழியாகப் பாருங்கள். முன்வாய்க்கு நேரே இன்னொருவர் வெள்ளைத்தாள் காட்டட்டும். திருகுபோல் ஓடும் வரிகள் கடைசிவரை பளிச்சென்று தெரிய வேண்டும். நடுவில் கறுப்புப் புள்ளிகள், மங்கலான வளையம் தெரிந்தால் உப்பு உள்ளே இறங்கிவிட்டது. எண்ணெய் போட்டுத் துடைத்தால் சரியாகிவிடும் என்பார் விற்பவர். ஆகாது. துடைத்தால் துரு போகும், அது தின்ற குழி போகாது.

அப்புறம் முன்வாயின் விளிம்பு. காது குடையும் பட்ஸ் ஒன்றை எடுத்து அந்த விளிம்பை மெதுவாக ஒரு சுற்று தடவுங்கள். பஞ்சு எங்காவது சிக்கி நூல் விட்டால் அங்கே பிசிறு இருக்கிறது. பெல்லட் கடைசியாகத் தொட்டுவிட்டுப் போகும் இடம் அதுதான். அங்கே ஒரு கீறல் இருந்தால் எவ்வளவு நிதானமாகச் சுட்டாலும் குறி ஒரு பக்கம் இழுக்கும்.

நம் கடற்கரையில் இதெல்லாம் இரட்டிப்பு முக்கியம். 1914-ல் கட்டிய பாம்பன் ரயில் பாலத்தை வருடம் முழுக்கத் துரு சுரண்டிப் பெயின்ட் அடித்தே காப்பாற்ற வேண்டியிருந்தது. அதே காற்றுதான் உங்கள் வீட்டு அலமாரிக்குள்ளும் வருகிறது. ஊருக்குத் திரும்பிய புதிதில் நானே ஒரு பழைய ரைபிளை வாங்கி ஏமாந்தேன். கருநீலத்தில் மினுமினுவென்று இருந்தது. வெளியூர்க்காரர், நல்ல பேச்சு. வாடைக்காற்று தொடங்கி இரண்டு வாரத்தில் அந்த மினுமினுப்பு கொப்புளம் கொப்புளமாக எழும்பியது. துருவின் மேல் ஸ்பிரே பெயின்ட் அடித்திருந்தார். அத்தனை வருடம் இரும்போடு புழங்கிய எனக்கே இந்தக் கதி. அதற்குப் பிறகு மடக்கும் மூட்டின் உட்பக்கம், டிரிகர் காப்பின் அடிப்பக்கம், தோளில் வைக்கும் கட்டையின் திருகுத் தலைகள் இந்த மூன்றையும் பார்க்காமல் விலை பேசுவதில்லை. பெயின்ட் அடிப்பவரின் கை அங்கெல்லாம் போவதில்லை.

சத்தத்தை நம்பாதீர்கள். இதை நான் கண்ணால் கண்டிருக்கிறேன். விற்பவர் காட்டுவதற்கு முன்னால் பின்வாயில் ஒரு சொட்டு எண்ணெய் விடுவார். சுட்டதும் 'பட்டீர்' என்று வெடிக்கும், பேரலிலிருந்து புகை வரும். வாங்க வந்தவர் "பவரைப் பாத்தியா" என்று பூரித்துப்போவார். நடந்தது இதுதான்: ஸ்பிரிங் தள்ளிவிடும் பிஸ்டன் அழுத்தும்போது காற்று சூடாகி, அந்த எண்ணெய் டீசல் என்ஜினில் எரிவதுபோல் எரிகிறது. ஒவ்வொரு முறை எரியும்போதும் வாஷரும் ஸ்பிரிங்கும் அடி வாங்குகின்றன. புதுத் துப்பாக்கியில் முதல் சில பெல்லட்டுகளுக்குக் கொஞ்சம் புகை வருவது சகஜம், ஓடிய துப்பாக்கியில் வரக் கூடாது. அதேபோல் பெல்லட் போடாமல் சும்மா சுட்டுக்காட்டினாலும் தடுத்துவிடுங்கள். முன்னால் தடை இல்லாமல் பிஸ்டன் போய் மோதும், உங்களுடையதாகப் போகும் பொருள் அது.

நல்ல சோதனைக்கு டிஷ்யூ பேப்பர் போதும். பேரலும் உடலும் சேரும் இடத்தின் மேல் ஒரு துண்டை வைத்து, பெல்லட் போட்டுச் சுடுங்கள். துண்டு துள்ளினால் அங்கே காற்று கசிகிறது, ரப்பர் வளையம் செத்துவிட்டது. இது சின்னச் செலவு, பேரத்தில் குறைத்துக்கொள்ளலாம். ஆனால் பேரலைப் பிடித்து இடவலமாக அசைத்தால் 'டொக் டொக்' என்று ஆடுகிறதென்றால் மூட்டே தேய்ந்திருக்கிறது. அந்தத் துப்பாக்கி வேண்டாம்.

பெட்டியில் போட்டிருக்கும் வேகத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். நொடிக்கு 1,000 அடி என்று பெரிய எழுத்தில் இருக்கும். ஆயிரம் அடி என்பது சுமார் 305 மீட்டர். அரை கிராம் பெல்லட் அந்த வேகத்தில் போனால் ஆற்றல் 23 ஜூல் வருகிறது, லைசென்ஸ் எல்லையைத் தாண்டிவிட்டது. அப்படியானால் ஒன்று அந்த எண் பொய், இல்லையென்றால் தக்கை மாதிரி லேசான பெல்லட்டை வைத்து அளந்திருக்கிறார்கள். அரை கிராமுக்கு 250 மீட்டர் வந்தாலே 15.6 ஜூல், தாராளம். ஒலிம்பிக்கில் சுடுகிற ரைபிள்களின் வேகம் 175 மீட்டர் அளவில்தான். அங்கே பத்துப் புள்ளி தரும் நடுப்பொட்டு அரை மில்லிமீட்டர். வேகத்தைக் கொண்டு அதைத் தொட முடியாது.

விலை என்று கேட்டால், என்னிடம் வருகிறவர்கள் கொடுத்ததை வைத்துச் சொல்கிறேன். உள்நாட்டுத் தயாரிப்பு ஸ்பிரிங் ரைபிள் 4,000, 5,000 ரூபாயிலிருந்து 15,000 வரை போகிறது. அடிமட்ட விலையில் டிரிகர் கல்லை இழுப்பதுபோல் இருக்கும், பிள்ளை பழகுவதற்குள் வெறுத்துப்போவான். பத்தாயிரத்தை ஒட்டி வாங்கினால் சொல்லும்படியான பேரலும் டிரிகரும் கிடைக்கின்றன. பழையது என்றால், பேரல் சுத்தமாக இருந்து மூட்டு ஆடாமல் இருந்தால், இன்றைய புது விலையில் பாதிக்குக் கொஞ்சம் மேல் கொடுக்கலாம். கூட வரும் ஸ்கோப்புக்கு ஒரு பைசாவும் கொடுக்காதீர்கள். ஸ்பிரிங் ரைபிள் பின்னாலும் உதைக்கும், முன்னாலும் உதைக்கும். அந்த இரட்டை உதையைத் தாங்கும் ஸ்கோப் மலிவில் வராது.

பணத்தை எண்ணிக் கொடுப்பதற்கு முன் 10 மீட்டரில் நீங்களே பத்து பெல்லட் சுடுங்கள். பின்னால் சாக்கில் மணல், சுற்றி ஆள் நடமாட்டம் இல்லாத இடம். இறுக்கிப் பிடிக்காதீர்கள், இந்த வகை லேசாகத் தாங்கினால்தான் நேராகச் சுடும். முதல் ஐந்தை மறந்துவிடுங்கள். அடுத்த ஐந்தும் ஒரு ரூபாய் நாணயத்துக்குள் அடங்கினால் துப்பாக்கி நல்லது.

பாயின் ரைபிள் முதலில் உள்ளங்கை அகலத்துக்குச் சிதறியது. கட்டையின் திருகுகளைத் தொட்டுப் பார்த்தேன், மூன்றும் விரலாலேயே சுற்றின. முறுக்கிவிட்டுச் சுட்டால் ஐந்தும் நாணயத்துக்குள். பேரலில் குறையில்லை, துரு மேலோடுதான். அந்தத் துப்பாக்கிக்கு 6,500 கொடுத்திருக்கலாம், மிச்சம் 8,000 அலங்காரத்துக்குப் போனது. ஸ்கோப்பைக் குலுக்கினால் உள்ளே எதுவோ உருண்டது.

முதுகுளத்தூர்ப் பக்கத்திலிருந்து மிளகாய்க் கொல்லைக்காரர் ஒருவரும் வந்தார். மயில் வந்து செடியைக் கிளறுகிறதாம், மலிவாக ஒன்று பார்த்துக் கொடுக்கச் சொன்னார். "அண்ணே, இதுல மட்டும் என்னை இழுக்காதீங்க" என்று டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிட்டேன். 1972 வனவிலங்குச் சட்டத்தில் மயில் முதல் அட்டவணையில் இருக்கிறது. சித்திரங்குடி, காஞ்சிரங்குளம், சக்கரக்கோட்டை என்று நம் மாவட்டம் முழுக்கப் பறவைச் சரணாலயம். ஏர்கன்னோடு கண்மாய்க் கரையில் நின்றால் யாரும் பயிற்சி என்று நம்ப மாட்டார்கள்.

வாங்கிய பிறகு ரெக்சின் பையில் போட்டு வைக்காதீர்கள், அது ஈரத்தைப் பிடித்து வைக்கும். தேங்காயெண்ணெய் பிசினாகிவிடும், படகு என்ஜின் ஆயில் உள்ளே போனால் மேலே சொன்ன வெடிதான். துப்பாக்கிக்கான எண்ணெய் தொட்ட துணியால் வெளிப்பக்கத்தை மட்டும் துடைத்து, கைரேகை படாமல் நிற்க வைத்துவிடுங்கள். பெல்லட் ஈயம், தொட்ட கையோடு சாப்பிட வேண்டாம்.

ஞாயிறு காலையில் ரேஞ்சில்தான் இருப்பேன். காட்ட நினைப்பவர்கள் பணம் கொடுப்பதற்கு முன்னால் கொண்டுவாருங்கள். பெல்லட் டப்பாவும் சேர்த்து, தயவுசெய்து. என் டப்பாவிலிருந்து எடுத்துக் கொடுத்து மாளவில்லை.